துவாரங்களுக்குக் கதவுகள் இல்லை

ஞாயிறு இதழ்களின் மகளிர் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முகத்தின் துவாரங்களை ஒரே வாரத்தில் மூடிவிடலாம் என்று உறுதிகூறும் குறிப்பொன்று எங்காவது கண்ணில் படும். ஆவி பிடித்தால் துவாரங்கள் திறக்குமாம். ஐஸ்கட்டி வைத்தால் மூடிக்கொள்ளுமாம். முட்டை வெள்ளைக்கருவையும் தேசிக்காய்ச் சாற்றையும் கலந்து பூசினால் அடியோடு மறைந்துவிடுமாம். எழுதியவர் யார், எந்த மருத்துவரைக் கேட்டு எழுதினார் என்பது மட்டும் அங்கே இராது.

அமைச்சர் ஒருவர் புள்ளிவிபரம் கூறினால், அதைச் சரிபார்த்த பின்னரே அச்சேற்ற வேண்டும் என்றுதான் எமது தலைமுறைப் பத்திரிகையாளருக்குக் கற்பிக்கப்பட்டது. வாசகியின் முகத்தில் எதைப் பூசுவது என்ற அறிவுரைக்கு மட்டும் அந்த விதி ஏன் பொருந்துவதில்லை? அமைச்சரின் புள்ளிவிபரத்தை விட வாசகியின் முகம் மலிவானதா?

உண்மை மிக எளியது. துவாரம் என்பது மயிர்க்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் தோலின் மேற்பரப்புக்கு வரும் வாசல். அதன் வாயைச் சுற்றி, அதைத் திறந்து மூடும் தசை எதுவும் கிடையாது. கதவே இல்லாத வாசலை எதைக்கொண்டு சாத்துவது? அதன் பருமனைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பரம்பரை, எண்ணெய்ச் சுரப்பு, வயது, வெயில் ஆகியனவே. வயதும் வெயிலும் தோலின் இறுக்கத்தைத் தளர்த்தும்போது துவாரம் அகன்று தெரிகிறது. ஆவி, உள்ளே உறைந்த எண்ணெயை இளக்கும், அவ்வளவுதான். வெள்ளைக்கரு காயும்போது தோலை இழுத்துப் பிடிக்கும். கழுவியதும் அந்த இறுக்கமும் போய்விடும். தேசிக்காய்ச் சாறோ ஆபத்தானது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் புண்பட்டுக் கருந்தழும்பு விழலாம்.

அப்படியாயின் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா? உண்டு. எண்ணெயில் கரையும் சலிசிலிக் அமிலம் துவாரத்தினுள் சேர்ந்த அடைப்பைக் குறைக்கும். அடப்பலீன், ட்ரெட்டினொயின் போன்ற மருந்துகள், பல வாரங்கள் பொறுமையாகப் பாவித்தால், துவாரங்களின் தோற்றத்தை ஓரளவு சிறிதாக்கும். இவற்றை மருத்துவரைக் கேட்டே பாவிக்க வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். வெயிலைத் தடுக்கும் பூச்சு, மேலும் மோசமாகாமல் காக்கும். இவை குறைக்கும், மறைக்கமாட்டா. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் ஒரு பெரும் வியாபாரமே நடக்கிறது.

விளம்பரத்தில் தெரியும் துவாரமற்ற முகம் எங்கிருந்து வருகிறது? 2011 இல் பிரித்தானியாவின் விளம்பரத் தர நிர்ணய அதிகார சபை, ஜூலியா ரொபேர்ட்ஸும் கிறிஸ்டி டேர்லிங்டனும் தோன்றிய இரு ஒப்பனை விளம்பரங்களைத் தடைசெய்தது. படத்தில் காணும் தோற்றம் அந்தப் பூச்சினால்தான் கிடைத்தது என்பதை லொறியால் நிறுவனத்தால் நிறுவ முடியவில்லை. உலகப் புகழ்பெற்ற அழகியரின் முகங்களுக்கே கணினியின் துணை தேவைப்பட்டால், கண்ணாடி முன் நிற்கும் நம் வீட்டுப் பெண் எதனோடு தன்னை ஒப்பிடுகிறாள்? விளம்பரப் படத்தில் உடலின் வடிவத்தையோ தோலையோ திருத்தினால் அதை அறிவிக்க வேண்டும் என்று நோர்வே 2022 இல் சட்டமே நடைமுறைப்படுத்தியது. நமது பத்திரிகைகள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இதெல்லாம் அற்ப விடயம் என்று சிரிப்போர் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். உன் முகத்தில் குறை இருக்கிறது என்று வாரந்தோறும் சொல்லப்பட்ட பெண், வீட்டு வைத்தியம் பலிக்காதபோது அடுத்து நாடுவது, உள்ளடக்கம் எதுவும் எழுதப்படாத ஒரு சிறு டப்பியை. அதில் ஸ்டீரொயிட் இருந்தால் முகம் முதலில் மழமழப்பாகும். பின்னர் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, பருக்கள் கிளம்பும். பாதரசம் இருந்தால் சிறுநீரகமே பழுதாகலாம். சருமப் பூச்சுகளில் பாதரசத்தை மினமாட்டா உடன்படிக்கை மில்லியனில் ஒரு பங்கு என்று மட்டுப்படுத்தியிருந்தது. 2023 இல் அந்தச் சலுகையையும் நீக்க உறுப்பு நாடுகள் உடன்பட்டன. இது அற்ப விடயமானால், உலக நாடுகள் கூடி உட்கார்ந்து பேசியிருக்குமா?

கல்யாணப் பேச்சு தொடங்கியதும் பெண்ணின் முகத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு ஆராயும் உறவினர்களுக்கும் இதில் பங்குண்டு. யாழ்ப்பாணமானால் என்ன, ரொறொன்ரோவானால் என்ன, அந்தக் கண்கள் மாறுவதில்லை. அதே துவாரங்கள் மாப்பிள்ளையின் மூக்கிலும் இருக்கின்றன. அவரிடம் எவரும் தேசிக்காயை நீட்டுவதில்லை.

பத்திரிகை ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அழகுக் குறிப்பை அச்சிடுங்கள். அதற்குப் பொறுப்பான ஒரு பெயரையும் அதனுடன் அச்சிடுங்கள். பெயர் தர எவரும் முன்வராவிட்டால், அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். வெற்றிடம் எவருடைய முகத்தையும் எரிக்காது.