சொல்லும் பொருளும்: அரிக்கும் சொல்

ஆங்கிலத்தில் மனக்கவலையைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் 'வொரி' என்பது அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் அடிபட்டு நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. 'ஆங்ஸைட்டி' மருத்துவர் வாயில் வருவது. இவ்விரண்டுக்கும் இடையே ஆரவாரமின்றி நிற்கும் சிறு சொல் ஒன்று உண்டு. அது 'ஃப்ரெட்'. ஆய்தம் இட்டே எழுதியிருக்கிறேன். ஆய்தத்தை விட்டால் அது ரொட்டியாகிவிடும். ரொட்டிக்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை. ஆயினும் தின்பதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

பழைய ஆங்கிலத்தில் இதன் பொருளே தின்று தீர்த்தல் என்பதுதான். முற்றாக என்னும் பொருள் தரும் முன்னொட்டு ஒன்று உண்ணுதலைக் குறிக்கும் வினையோடு சேர்ந்து உருவான சொல் இது. இதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் இன்றும் வழங்குகிறது. அங்கே மனிதர் உண்பதற்கு 'எஸ்ஸன்' என்பர். விலங்கு தின்பதற்கு 'ஃப்ரெஸ்ஸன்' என்பர். மனிதரைக் குறித்துப் பின்னதைச் சொன்னால் அது ஏச்சு. (நம் வீடுகளில் கோபம் மிகுந்தபோது "சாப்பிடு" என்பது "கொட்டிக்கொள்" என்றாவதை நினைத்துக் கொள்க.)

ஆங்கிலத்தில் அச்சொல் நாளடைவில் பெரிய வாயை விட்டுச் சிறிய வாய்க்கு வந்தது. பூச்சி துணியைத் தின்பது, துரு இரும்பைத் தின்பது, ஆறு கரையைக் கரைப்பது எல்லாம் ஃப்ரெட் ஆயின. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில், ஆடையில் பற்றிப் படரும் ஒருவகைக் கேட்டினைக் குறிக்க இச்சொல்லே அடைமொழியாக வருகிறது. மனத்தைச் சிறிது சிறிதாகத் தின்பது என்னும் பொருளும் இவ்வழியில்தான் பிறந்தது.

இதற்கு நேரான தமிழ் யாது? அகராதி 'கவலை' என்னும். எனக்கு அது உடன்பாடன்று. 'அரித்தல்' என்பதே பொருத்தம். கறையான் ஏட்டை அரிக்கிறது. வெள்ளம் கரையை அரிக்கிறது. சொல்லாமல் விட்ட சொல் நெஞ்சை அரிக்கிறது. ஓயாமல் கேட்டுத் தொல்லை செய்பவன் நச்சரிக்கிறான். ஆங்கிலேயன் போன பாதையில் நாமும் போயிருக்கிறோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் போனதன்று.

இரயில்வே பட்டறைகளிலும் ஆலைகளிலும் பணிபுரியும் அன்பர்கள் இச்சொல்லை வேறொரு பொருளில் அறிவார்கள். இறுகப் பொருத்திய இரண்டு எஃகுப் பாகங்கள் அதிர்வினால் மயிரிழையும் இராத அளவுக்கு ஓயாமல் உராய்ந்தால், இடையே செம்பழுப்பு நிறப் பொடி தோன்றும். இதனை 'ஃப்ரெட்டிங்' என்பர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இணைப்பு அசையாதது போலவே இருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் உள்ளே தின்னப்பட்டிருப்பது தெரியும்.

இனி, இச்சொல்லை இத்திங்கள் எடுத்துக்கொண்ட காரணத்தைச் சொல்கிறேன். வடநாட்டு நகரொன்றில் வாழும் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஒன்பது மாதக் குழந்தைக்குப் பல் முளைக்கும் பருவம். மருத்துவர் சீட்டில் 'ஃப்ரெட்ஃபுல்' என்று ஒரு சொல் எழுதியிருந்தார். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் எட்டாம் வகுப்பில் பயிலும் மூத்த மகன் ஒருவனே. அவன் அகராதியைப் புரட்டி, "பாட்டி, பாப்பாவுக்குக் கவலையாம்" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மையாரோ தமிழ் தவிர வேறு மொழி அறியாதவர். பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காகவே ஊரைவிட்டு வந்தவர். பகலெல்லாம் தம் மடியில் கிடக்கும் குழந்தைக்குக் கவலை என்றால், தம் வளர்ப்பில் குறை என்றே மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று கொண்டார். இரவு உணவு கொள்ளவில்லை. மறுநாள் மகனிடம், "என்னை ஊருக்கே அனுப்பிவிடப்பா" என்றாராம். மகன் எவ்வளவு சமாதானம் சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. 'உங்கள் பத்திரிகையில் எழுதினால் நம்புவார்' என்கிறார் சகோதரி.

எழுதுகிறேன். பெரியம்மா, கேளுங்கள். குழந்தையைக் குறித்து ஆங்கில மருத்துவர் இச்சொல்லை எழுதினால் அதன் பொருள் கவலை அன்று. பசியின்றியும் சிணுங்குகிறது, கீழே விட்டால் அழுகிறது, எடுத்தாலும் அடங்கவில்லை என்பதே பொருள். நைநை என்று இருக்கிறது என்கிறோமே, அதுதான். பல் முளைக்கும் குழந்தை எவர் மடியில் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இதில் உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சிறுவனையும் குறை கூறுவதற்கில்லை. அகராதி முதலில் தந்த பொருளை அவன் எடுத்துக்கொண்டான். ஆனால் யாரைப் பற்றிய சொல், யார் சொன்னது என்று பார்த்தபிறகே இச்சொல்லுக்குப் பொருள் கொள்ளவேண்டும். பள்ளியிலிருந்து வரும் குறிப்பில் உங்கள் மகள் சிறு பிழைக்கும் ஃப்ரெட் செய்கிறாள் என்றிருந்தால், அவள் அதையே நினைத்து மனம் புழுங்குகிறாள் என்று கொள்க. முன்னே சொன்ன விவிலியத்திலேயே 37ஆம் சங்கீதத்தின் தொடக்கத்திலும் இச்சொல் வருகிறது. தீயவர் வாழ்வதைக் கண்டு அவ்வாறு ஆகாதே என்பது அங்கே கருத்து. தமிழில் பெயர்த்தவர்கள் அவ்விடத்தில் கவலை என்று எழுதவில்லை, எரிச்சல் என்றார்கள். எபிரேய மூலச்சொல்லின் வேரும் கனலுதல் என்பதே. நல்ல மொழிபெயர்ப்பு என்பேன்.

ஓசையால் ஒன்றாகி, வேறு வழியில் வந்த ஃப்ரெட்களும் உண்டு. மரத்தில் பின்னலாக ஊடுருவச் செதுக்கும் வேலைக்கு 'ஃப்ரெட்வொர்க்' என்று பெயர். அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், குளிர்ந்த கடல்மீது வெப்பக் காற்று வரும் காலத்தில் திடீரென மூடும் மூடுபனியையும் 'ஸீ ஃப்ரெட்' என்பர். வீணையில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகளும் ஆங்கிலத்தில் ஃப்ரெட்களே. வீணை பயிலும் பெண்ணிடம் ஆங்கிலப் புத்தகம் எத்தனை ஃப்ரெட் என்று கேட்டால் அவள் தன் கவலைகளை எண்ணப் புகவேண்டாம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் இந்த இருபொருளையும் வைத்தே ஓரிடத்தில் சிலேடை பேசுகிறான். தன்னை வேவு பார்க்க வந்த நண்பர்களிடம் தன்னை இசைக்கருவியாகப் பாவித்துச் சொல்லும் இடம் அது. தமிழில் பெயர்ப்பவர்க்கு அங்கே கைகட்டிப் போய்விடும்.

நம் 'கவலை' மட்டும் ஒரு பொருளோடு நின்றதா? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். கவர்த்த வழி, அதாவது இரண்டாகப் பிரியும் பாதை, கவலை. பழந்தமிழ்ப் பாடல்களில் காட்டு வழிகளைச் சொல்லும்போது அப்பொருளில் வரும். ஒரு கிழங்குக் கொடிக்கும் அது பெயர். மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பும் கவலையே. கமலை, கபிலை என்றும் சொல்வார்கள். மோட்டார் வந்தபின் அது மறைந்தது. இந்நகரங்களில் பிறந்த நம் பிள்ளைகள் பழைய கதை ஒன்றில், அவன் விடியுமுன் கவலை இறைத்தான் என்று படித்தால் என்ன நினைப்பார்கள்? அகராதியின் முதற்பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். தாத்தா பாட்டி உடனிருக்கும் வீடுகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சிணுங்கும் குழந்தையைக் குறிக்க மாவட்டந்தோறும் வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. உங்கள் ஊர்ப்பக்கம் என்ன சொல்வார்கள் என்று, ஊர்ப்பெயரோடு, ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்புங்கள். வந்தவற்றைத் தொகுத்து இப்பகுதியில் வெளியிடுவோம்.