வெந்நீரும் 500 யூனிட்டும்: எங்கள் நிலைப்பாடு

2022 செப்டம்பர் 10-இல் மின்கட்டணம் உயர்ந்ததும் அதற்குப் பிறகு நடந்ததெல்லாமும் நம் சங்க உறுப்பினர்களுக்குத் தெரியும். அந்தக் கதையை இங்கே மறுபடி எழுதவில்லை. 2024 ஜூலையில் இன்னொரு 4.83 சதவீதம் ஏறியதும் தெரிந்ததே. இப்போது வந்திருக்கும் கேள்வி வேறு. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும் வீடுகளுக்கும் நேரத்துக்கு ஒரு கட்டணம் வர வேண்டும் என்கிறது, மத்திய அரசு 2023-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதி. வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி; உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். அந்த மீட்டர் நம் வீட்டுச் சுவருக்கு வருமுன்பே, "கீசரை மத்தியானம் போட்டுக்கொள்ளுங்கள், பில் குறையும்" என்ற அறிவுரை மலையேறி வந்துவிட்டது. இதற்கு நீலகிரியிலிருந்து ஒரு பதில் போக வேண்டும் என்று செயற்குழு கருதுகிறது.

முதலில் கணக்கு. டிசம்பர் விடியலில் நம் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி இருந்தால் நல்ல நாள். அதில் 25 லிட்டரை 50 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 1.1 யூனிட் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒருவர் குளிக்கலாம், தாராளமாக அல்ல. நான்கு பேர் வீட்டில் நாளுக்கு 4.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 264. ஆறு பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்துக்குக் குளியல் மட்டுமே 396. பாத்திரம் கழுவ, கைக்குழந்தைக்கு, படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு என்று தனியாக எடுப்பது இதில் சேரவில்லை. பிரிட்ஜும் விளக்கும் கிரைண்டரும் இனிமேல்தான் வர வேண்டும்.

"உங்களுக்குத்தான் ஃபேன் செலவே இல்லையே" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 75 வாட் மின்விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். சமவெளியில் ஏசி போடுபவர்களின் சுமையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஏசி இல்லாத வீடு சென்னையில் ஏராளம். வெந்நீர் இல்லாத வீடு உதகையில் எங்கே இருக்கிறது?

இந்த 264-ஐயும் 396-ஐயும் 500 என்ற கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022 மின்கட்டண ஆணையின் விகிதப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 501 என்றால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான பாதி விலைச் சலுகை பறிபோகிறது, அடுத்த யூனிட் 8 ரூபாய்க்குத் தாவுகிறது என்பதுதான் காரணம். 2024-இல் ரூபாய்க் கணக்கு மாறியது. இந்தப் பள்ளம் அப்படியே கிடக்கிறது. ரீடிங் எடுப்பது நான்கு நாள் தள்ளிப்போனால் அந்த நான்கு நாள் குளியலே ஒரு குடும்பத்தை இதில் தள்ளிவிடும். இதை வடிவமைத்தவர்கள் ஜனவரியில் உதகை பக்கத்துத் தலைக்குந்தாவில் ஒரு வாரம் தங்கி, காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். (இந்த வாக்கியத்தை நீக்கலாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். பெரும்பான்மை முடிவுப்படி இருக்கிறது.)

பகல் நேரச் சலுகையைக் கொள்கையளவில் சங்கம் எதிர்க்கவில்லை. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, மாலையில் திறந்துவிடும் நீரேற்று மின்திட்டத்தை அரசே குந்தாவில் கட்டிவருகிறது. மத்தியானம் சூடாக்கிய கீசர் தொட்டியும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதற்குத் தொட்டி வேண்டும். நம்மில் பலர் வீட்டில் இருப்பது 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர். திறக்கும்போதுதான் சூடாக்கும், சேமித்து வைக்காது. நான்கு பேருக்கு மறுநாள் காலைவரை வைத்திருக்க 100 லிட்டர் தொட்டி தேவை. தண்ணீரோடு 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள அதை எந்தப் பழைய மண்சுவரில் மாட்டுவது? வாடகை வீட்டில் யார் செலவில் மாட்டுவது? பிள்ளைகள் பள்ளிக்கும், பெரியவர்கள் எஸ்டேட்டுக்கும் கிளம்பும் காலை நேரம்தான் உச்ச நேரம் என்று நாளை அறிவிக்கப்பட்டால், பெரிய தொட்டி வாங்க முடிந்தவருக்குத் தள்ளுபடி, முடியாதவருக்கு அபராதம் என்று ஆகும்.

மாற்று வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. மாடியில் சோலார் ஹீட்டர் நல்லதே. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடும், உறைபனிக் காலத்தில் குழாய் வெடிக்கும் என்பதால் அதை மட்டுமே நம்ப முடியாது. ஹீட் பம்ப் மின்செலவை வெகுவாகக் குறைக்கும். விலை நம் கைக்கு எட்டுவதாக இல்லை. கீசர் வாங்குபவர்கள் நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். தொட்டி சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான் அது தரப்படுகிறது. தெர்மோஸ்டாட்டை 50-55 டிகிரியில் வையுங்கள். அதற்கும் கீழே நாள்கணக்கில் வைத்தால் தொட்டியில் கிருமி வளரும்.

ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து பலர் கேஸ் கீசருக்கு மாறுகிறார்கள். குளிருக்காக ஜன்னலை இறுக மூடிய குளியலறைக்குள் அதை மாட்டுகிறார்கள். மூடிய அறையில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. மயங்கி விழுந்தவர் கதவைத் திறக்க மாட்டார். தயவுசெய்து அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். முடியாதென்றால் மாட்டவே வேண்டாம். இன்னும் சிலர் விறகுக்குத் திரும்பியிருக்கிறார்கள். சீகை விறகு பொறுக்கப் போகும் பெண்கள் காட்டுமாட்டுக்கு எதிரே போய் நிற்கிறார்கள். 1932 முதல் பைக்காராவிலிருந்து மின்சாரம் அனுப்பிவரும் மாவட்டத்தில், தண்ணீர் சுடவைக்க உயிரைப் பணயம் வைப்பதா?

ஆகவே சங்கம் கேட்பது இவை. 500-ஐத் தாண்டினாலும் முதல் 200 யூனிட்டுக்கான சலுகை தொடர வேண்டும். மலைப் பகுதிகளுக்கு அந்த 500 யூனிட் வரம்பை உயர்த்த வேண்டும். ஆண்டு முழுவதும் வேண்டும் என்று ஒரு சாரார் வலியுறுத்தினர், குறைந்தபட்சம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று செயற்குழு இசைந்துள்ளது. நேரக் கட்டணம் வந்தால், அதில் சேரும் உரிமை நுகர்வோருக்கே இருக்க வேண்டும், முதல் இரண்டு குளிர்காலங்களுக்காவது. ஒரே இணைப்பில் பல குடித்தனங்கள் இருக்கும் வீடுகளைப் பற்றிக் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. வீட்டுச் சொந்தக்காரர்களும் குடியிருப்பவர்களும் நம் உறுப்பினர்களே என்பதால் அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அடுத்து நடத்தும் பொதுக் கருத்துக் கேட்பில் இந்த அறிக்கை அளிக்கப்படும். உறுப்பினர்கள் கடந்த இரண்டு குளிர்கால பில்களின் நகலை அதற்குள் செயலாளரிடம் சேர்க்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பின்புறம் எழுதிக் கொடுங்கள்.