படை வாகனத்தின் கூலியை யார் கொடுக்கிறார்கள்?

2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டபோதுதான் போக்குவரத்தின் உண்மையான விலை யாழ்ப்பாண மக்களுக்குத் தெரிந்தது. அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் கடல்வழியாக வந்தன. ஆட்கள் கப்பலில் திருகோணமலைக்கும் விமானத்தில் இரத்மலானைக்கும் போனார்கள். அதற்கும் படைத்தரப்பின் அனுமதி வேண்டியிருந்தது. பொருள் தனியாருடையதாக இருந்தாலும் பாதை படையினரின் கையில் இருந்தது.

போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் படைத்தரப்பு வணிகத்திலிருந்து முழுமையாக விலகவில்லை. விமானப்படையின் ஹெலிடுவர்ஸ் போருக்குப் பின்னர் இரத்மலானை - பலாலி வழியில் பயணிகளை ஏற்றியது. காங்கேசன்துறையில் இராணுவம் தல்செவன விடுதியை நடத்தியது. இவற்றுக்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: படையிடம் ஆளும் வாகனமும் ஏற்கெனவே இருக்கின்றன, ஆகவே செலவு குறைவு.

இந்தக் கணக்கில்தான் சிக்கல் இருக்கிறது. தனியார் பாரவூர்தி உரிமையாளர் கூலி சொல்லும்போது சாரதியின் சம்பளம், டீசல், டயர், காப்புறுதி, லீசிங் தவணை, வாகனத்தின் தேய்மானம், தனது இலாபம் அனைத்தையும் சேர்த்தே சொல்கிறார். படை வாகனத்துக்கோ பெரும்பாலும் எரிபொருளை மட்டும் கணக்கிட்டுப் பேசுகிறோம். சாரதியான சிப்பாயின் சம்பளம், ஓய்வூதியம், வாகனத்தின் கொள்வனவு விலை எல்லாம் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீட்டுக்குள் மறைந்துவிடுகின்றன. 2023 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்கும் ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 539 பில்லியன் ரூபா. அந்தத் தொகையில் நாம் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுத்த வரியும் இருக்கிறது. குறைந்த கட்டணத்தின் மிச்சத்தை வரியாகக் கட்டிவிட்டோம்.

இதனால் தனியார்தான் எப்போதும் மலிவு என்று சொல்லிவிட முடியாது. வீதி மூடிக் கிடந்த காலத்தில் தட்டுப்பாட்டை இலாபமாக்கிய வியாபாரிகளையும் நாம் மறக்கவில்லை. ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து 55 பேருடன் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்த பிறகு, அந்த வழியில் பறக்கத் தனியார் எவரும் சாதாரண விலை கேட்டிருக்க முடியாது. வெள்ளம், புயல் போன்ற வேளைகளில் கேள்விப்பத்திரம் கோரிக்கொண்டிருக்க முடியாது. அப்போது படை வாகனமே முதலில் வரும். வருவதும் அதன் கடமை.

ஆனால் அனர்த்தம் வேறு, அன்றாடம் வேறு. அன்றாடப் போக்குவரத்தைப் படை குறைந்த கட்டணத்தில் செய்தால், கடன்பட்டு வாகனம் எடுத்த உள்ளூர் ஆள் போட்டியிலிருந்து விழுந்துவிடுவார். அவருடைய சாரதி, கராஜ்காரர், டயர்க்கடைக்காரர் என்று பலருடைய வருமானமும் சேர்ந்து போகும். இராணுவத்தை 2024 இல் 135,000 பேராகவும் 2030 இல் 100,000 பேராகவும் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. ஆளைக் குறைத்துவிட்டு வணிகத்தை மட்டும் வைத்திருந்தால், "ஏற்கெனவே இருக்கும் ஆள்" என்ற நியாயமும் நிற்காது.

ஆகவே கேட்க வேண்டியது எளிமையானது. படை நடத்தும் ஒவ்வொரு சிவில் சேவைக்கும் சம்பளம், தேய்மானம் உட்பட முழுச் செலவையும் தனிக் கணக்காகப் பாராளுமன்றத்தில் வையுங்கள். அதன் பிறகு தனியாருடனும் கூட்டுறவுச் சங்கங்களுடனும் ஒப்பிடுவோம். கணக்குக் காட்டாத எதையும் மலிவு என்று ஏற்றுக்கொள்ள நமக்குக் கடமையில்லை.