மதக் கட்டத்தில் என்ன எழுதுவது?

இன்னும் முப்பது ஆண்டுகளில் எந்த மதம் வளரும், எந்த மதம் தேயும் என்ற வழக்கு நம் விடுதியில் இரவு உணவுக்குப் பின் அடிக்கடி எழுகிறது. சாம்பாரைப் பற்றிய வழக்குக்கு அடுத்தபடியாக நீண்ட ஆயுள் உடையது அதுவே. ஒரு நண்பர், இன்ன மதத்தாரின் தொகை பெருகி நம்மை விழுங்கிவிடும் என்று அஞ்சுகிறார். மற்றொருவர், கல்வி பரவப் பரவ மதமே மறைந்து போகும் என்று மகிழ்கிறார். கணக்கைப் பார்த்தால் இருவருக்கும் ஏமாற்றந்தான்.

1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நூற்றுக்கு 84 பேர் இந்துக்கள். முஸ்லிம்கள் ஏறத்தாழப் பத்துப் பேர். 2011-இல் அவை முறையே 80, 14 என்றாயின. கிறிஸ்தவர்களோ அன்றும் 2.3, இன்றும் 2.3. பியூ ஆராய்ச்சி நிலையம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2050-இல் இந்துக்கள் 77, முஸ்லிம்கள் 18 என இருப்பர். இவ்வளவே அந்தப் பெரிய பூகம்பம்! இந்த அசைவுக்கும் முதற்காரணம் தொட்டிலேயன்றி மதமாற்றம் அன்று. அந்தத் தொட்டிலும் ஓய்ந்து வருகிறது. 1992-93-இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 குழந்தைகள், இந்துப் பெண்ணுக்கு 3.3. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் அவை 2.4, 1.9 எனக் குறைந்தன. பெண்கள் பள்ளிக்குச் சென்றதன் பயன் இது.

மதம் மறையும் என்பாருக்கும் ஒரு சொல். 2011-இல் தம் மதத்தைக் கூறாதவர்கள் நாடு முழுவதும் 29 லட்சத்துக்கும் குறைவு. அதாவது ஆயிரத்துக்கு இரண்டரைப் பேர் கூட இல்லை. பகுத்தறிவு பேசும் நம்மவர் பலருடைய வீட்டிலும் கணக்கெடுப்பவருக்கு விடை சொல்பவர் பாட்டியார் அல்லவா?

அப்படியானால் மதம் மாறுவோரே இல்லையா? உளர், மிகச் சிலர். பியூ நிலையம் 2019-20-இல் ஏறத்தாழ 30,000 பேரைக் கேட்டபோது, நூற்றுக்கு 98 பேர் தாம் வளர்ந்த மதத்திலேயே இருப்பதாகக் கூறினர். ஆனால் இந்து மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய அச்சிலருள் நான்கில் மூவர் தென்னாட்டவர். ஏறத்தாழப் பாதிப்பேர் தாழ்த்தப்பட்டோர். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார், 1951-இல் 1.8 லட்சமாயிருந்த பௌத்தர் தொகை 1961-இல் 32 லட்சத்தைத் தாண்டியது. 1981-இல் நம் மீனாட்சிபுரத்தில் 180 குடும்பங்கள் அளவில் இஸ்லாம் தழுவின. மதத் தத்துவங்களை ஒப்பிட்டுப் பார்த்து மாறியவர்களை விட, தெருவில் நிமிர்ந்து நடக்க விரும்பி மாறியவர்களே இக்கதைகளில் மிகுதி என்பது என் எண்ணம்.

அவர்கள் மாறியபின் நிகழ்வதுதான் நாம் பேசவேண்டிய செய்தி. 1950 ஆகஸ்டு 10-இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் ஷெட்யூல்டு சாதியார் ஆகார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. பழங்குடியினருக்கோ இத்தகைய மத நிபந்தனையே இல்லை! தமிழகத்தில் கிறிஸ்தவராகும் தாழ்த்தப்பட்டவர் பிற்பட்டோர் பட்டியலுக்குச் செல்கிறார். ஞானஸ்நானத்தால் சேரி இடம் பெயர்வதில்லை. கல்லறையில் கூடத் தனிச்சுவர் நிற்கும் ஊர்கள் உண்டு. ஆயினும் ஷெட்யூல்டு சாதிக்குரிய இடஒதுக்கீடும், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் அவருக்கு இல்லை.

விளைவு என்ன? ஞாயிறன்று கோயிலுக்குப் போகும் குடும்பம் சான்றிதழில் இந்துவாக நிற்கிறது. அதைப் பொய் என்று இகழ்வது எளிது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தகைய வழக்கொன்றில், கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று கூறுவது அரசியலமைப்பையே ஏய்ப்பதாகும் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் உண்மை சொல்வோர்க்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு, நம் நாட்டில் எந்த மதத்தார் எத்தனை பேர் என்று ஆராய்வது எனக்கு விந்தையாகவே படுகிறது.

இருக்கும் பங்கில் புதியவர் புகுந்தால் பழையவர் பங்கு குறையுமே என்று தாழ்த்தப்பட்ட தோழர்கள் கேட்பது நியாயமான அச்சம். ஆள் தொகையோடு பங்கையும் உயர்த்துவதே அதற்கு விடை, வருவோரைத் தடுப்பதன்று. சாதிக் கொடுமைக்கான ஈட்டை மதத்திலிருந்து பிரிக்கவேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பரிந்துரைத்தது. 2022-இல் அதே கேள்விக்கு மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை.

2021-இல் நடந்திருக்க வேண்டிய குடிக்கணக்கு 2027 மார்ச்சு முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அமைகிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முறையாக எல்லோருடைய சாதியும் அதில் கேட்கப்படும் என்று 2025-இல் அறிவித்தார்கள். முன்னெல்லாம் கிறிஸ்தவர் என்று சொன்னவர் ஷெட்யூல்டு சாதியாராகக் குறிக்கப்படவில்லை. இம்முறை இரண்டு விடைகளும் ஒரே வீட்டின் பெயரில், அடுத்தடுத்த கட்டங்களில் விழப்போகின்றன.