‘காணவில்லை’ என்று எழுதுதல்

2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை அடுத்துள்ள பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. எல்லை வகுத்தாயிற்று. அதனுள் வாழும் பிராணிகள் பெருகுகின்றனவா, அருகுகின்றனவா என்பதைக் கண்காணிப்போரின் குறிப்பேடே சொல்ல வேண்டும். அவ்வேட்டில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது ‘காணவில்லை’ என்னும் ஒரு சொல்.

மீனவர் வழக்கில் ஆவுளியா எனப்படும் கடற்பசு, கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. மூச்சு விட மேலெழும்போது மூக்கு நுனியை மட்டும் நீர்மேல் காட்டி, சில விநாடிகளில் மறைந்துவிடும். கலங்கிய நீரிலும் அலை மிகுந்த வேளையிலும் தேர்ந்த கண்ணுக்கும் அது தப்பிவிடும். மூன்று மணி நேரம் பார்த்தும் ஒன்றும் தென்படாது திரும்பியவர், அன்றைய உழைப்பு வீண் என்று தாளை வெறுமையாக விட்டுவிடுகிறார். வீணானது உழைப்பன்று, எழுதாது விட்ட தாளே. இரண்டு கடற்பசுக்கள் பத்து மணி நேரத்தில் தென்பட்டனவா, நூறு மணி நேரத்திலா என்பது தெரியாவிடில், அவ்வெண்ணைச் சென்ற ஆண்டின் எண்ணோடு ஒப்பிட வழியில்லை. பெண் கடற்பசு மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறையே ஒரு கன்றை ஈனுகிறது. இத்தகைய இனத்தில் குறைவு நேர்ந்ததைப் பிந்தி அறிவது பேராபத்து. ஆதலின் தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, அலை, நீரின் தெளிவு ஆகியவை முதலில் எழுதப்பட வேண்டும், விலங்கு பின்னர்.

இனங்காண்பதிலும் நேர்மை வேண்டும். முதுகுத் துடுப்பில்லாத சிறிய ஓங்கில் இனமொன்று இந்தியக் கரையோரத்தில் உண்டு. தொலைவில் அதனைக் கடற்பசு என மயங்குதல் எளிது. ஓங்கிலுக்கு மூச்சுத்துளை தலையுச்சியில். கடற்பசுவுக்கு மூக்கு நுனியில். இதனைப் பார்க்க இயலாதபோது ‘ஐயம்’ என்று எழுதுவதில் இழுக்கில்லை. மேலதிகாரி மகிழ்வார் என்றெண்ணிக் ‘கடற்பசு’ என்று எழுதுவதுதான் இழுக்கு. நல்ல படம் வேண்டி இயந்திரப் படகில் பின்தொடர்வது அதனினும் தீது. துரத்தப்படும் பிராணியின் போக்கு அதன் இயல்பான போக்கன்று.

கரையோரப் பள்ளிகளில் இப்பழக்கத்தை ஓங்கில்களைக் கொண்டு தொடங்கலாம். வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரை மணி நேரம் கடலைப் பார்த்தாற் போதும். ஏட்டைத் திருத்தும்போது, ஐந்து ஓங்கில்களைக் கண்ட மாணவனுக்கும், நேரத்தைக் குறித்து ‘ஒன்றும் வரவில்லை’ என்று எழுதிய மாணவனுக்கும் ஆசிரியர் ஒரே மதிப்பெண் அளிப்பாராக.