டங்ஸ்டனுக்கு முதலில் எங்கள் கார்பைடு டப்பாவைத் திறக்கட்டும்

கோவையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் லேத், சிஎன்சி, விஎம்சி ஓட்டி பம்ப்செட், மோட்டார், வால்வு, ஜவுளி இயந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைக்காரர்களின் சங்கம் நாங்கள். எங்கள் வெட்டும் டூல்கள் டங்ஸ்டன் கார்பைடால் ஆனவை. டங்ஸ்டன் இல்லாமல் எங்களில் ஒருவருக்கும் ஒரு ஷிப்டு ஓடாது. எங்கள் நிலைப்பாடு இதுதான்: தேய்ந்த கார்பைடு முழுவதையும் தனியே சேர்த்து, கிரேடு பிரித்து, இந்த வட்டாரத்திலேயே மறுசுழற்சி செய்ய ஏற்பாடு வேண்டும். அதைச் செய்யாமல் டங்ஸ்டன் தேவை என்ற காரணத்தைக் காட்டி மதுரைப் பக்கம் சுரங்கம் தோண்டுவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

மதுரைப் பக்கத்து மேலூர் வட்டார மக்கள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நடத்திய போராட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போனது. ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அதில் சிக்கியது. சட்டமன்றம் டிசம்பர் 9 அன்று எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. அந்த விவாதம் முழுக்க மலையைப் பற்றியும் விவசாயத்தைப் பற்றியும் நடந்தது, அது நியாயம்தான். ஆனால் அந்த உலோகம் கடைசியில் எங்கே வந்து சேர்கிறது, அங்கே அதை என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு நாங்கள் பதில் சொல்கிறோம்.

டூலில் பொருத்தும் ஆறு முனை கொண்ட வெட்டும் துண்டை, அதாவது ஒரு இன்சர்ட்டை, எடுத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பு பம்ப் கேசிங்கைக் கடையும்போது ஒரு முனை மழுங்கியதும் ஆபரேட்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி அடுத்த முனைக்குத் திருப்பிப் போடுவார். ஆறும் போனால் அது டப்பாவில் விழும். உண்மையில் தேய்ந்தது ஒவ்வொரு முனையிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மீதி அப்படியே இருக்கிறது. அதே பருமனுள்ள இரும்புத் துண்டைவிட ஏறக்குறைய இருமடங்கு கனம். அதில் பெரும்பகுதி டங்ஸ்டன் கார்பைடு. அந்தத் துகள்களைப் பிடித்து நிறுத்துவது கோபால்ட். ஒன்றிய அரசு 2023-இல் வெளியிட்ட முப்பது முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு, கோபால்ட்டும் உண்டு. இந்தியாவில் இன்று டங்ஸ்டன் வெட்டியெடுக்கும் சுரங்கம் எதுவும் ஓடவில்லை. ராஜஸ்தானின் தேகானா சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, எங்கள் டப்பாக்களில் கிடப்பதை நாட்டின் கையிருப்பு என்றே சொல்லலாம்.

அந்தக் கையிருப்பு சிந்திச் சிதறிப் போகிறது. இன்சர்ட்டும் உடைந்த எண்ட்மில்லும் டிரில்லும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. பிரேசிங் டூலின் கார்பைடு முனை, இரும்புத் தண்டோடு சேர்த்து காயலாங்கடை எடைக்குப் போகிறது. இரும்புச் சுருளோடு கலந்து உருக்கு உலைக்குப் போய்விட்டால் அந்த டங்ஸ்டன் டங்ஸ்டனாகத் திரும்பி வராது. டூல் தீட்டும்போது வரும் சேறு குப்பைக்கே போகிறது.

கலந்துவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று எங்கள் உறுப்பினர்களே கேட்கிறார்கள். மறுசுழற்சியில் இரண்டு வழி உண்டு. ஒன்று துத்தநாக முறை. சுமார் 900 டிகிரி வெப்பத்தில், காற்றுப்படாமல், உருகிய துத்தநாகம் கோபால்ட்டுக்குள் புகுந்து அதை ஊதச் செய்கிறது. பிறகு வெற்றிடத்தில் துத்தநாகத்தை ஆவியாக்கி வெளியே எடுத்தால், பாறை போலிருந்த கார்பைடு கையால் நொறுக்கும் பதத்துக்கு வந்துவிடும். அரைத்தால் தூள், அந்தத் தூளிலிருந்து புது டூல். செலவு குறைந்த வழி இதுதான். ஆனால் உள்ளே போன கலவைதான் வெளியேயும் வரும். கிரேடு கலந்து போட்டால் கலந்த தூளே கிடைக்கும். இரண்டாவது ரசாயன முறை. எந்தக் கலவையையும் கரைத்துச் சுத்தமான டங்ஸ்டன் உப்பாக மாற்றலாம். ஆனால் காரமும் அமிலமும் நிறைய வேண்டும், முதலீடும் பெரிது. அதனால் தரம் பிரிப்பு பட்டறையிலேயே நடந்தால்தான் சிறு தொழிலுக்குக் கட்டுப்படியாகும். உலகில் பயன்படும் டங்ஸ்டனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே பழைய பொருள்களிலிருந்துதான் வருகிறது. நாங்கள் கேட்பது செய்து பார்க்காத வித்தை இல்லை.

உலகச் சுரங்க டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவுடையது. 2025 பிப்ரவரியில் அந்நாடு டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதனால் டூல் விலை எங்கோ முடிவாகிறது. ஜாப் ஒர்க் கூலி இங்கே பழைய கூலிதான்.

அரசிடம் சில கோரிக்கைகள். முக்கியக் கனிம மறுசுழற்சிக்கு ஒன்றிய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ரூ.1,500 கோடி ஊக்கத் திட்டத்தை ஏற்றது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறு, புதிய மறுசுழற்சியாளர்களுக்கு என்றதை வரவேற்கிறோம். ஆனால் அறிவிப்பில் பேசப்பட்டவை மின்னணுக் கழிவு, லித்தியம் அயன் பேட்டரி, பழைய வண்டிகளின் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் முதலியவை. கார்பைடு டூல் கழிவுக்கும் பெயர் சொல்லி இடம் தர வேண்டும். குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் கோவையில் ஒரு பொதுப் பயன்பாட்டு மையம் வேண்டும்: கிரேடு கண்டறியும் எக்ஸ்ரே கருவி, சரியான எடை மேடை, அன்றைய விலைப் பலகை. இந்த மூன்றும் இருந்தாலே, நான்கு லேத் வைத்திருப்பவர் இடைத்தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. உலோகக் கழிவு மீதான ஜிஎஸ்டி 18 சதவீதம். பதிவில்லாத பட்டறையிடம் வாங்கினால், 2024 அக்டோபர் 10 முதல் வாங்குபவரே அந்த வரியைக் கட்ட வேண்டும். இவ்வளவு வரி, சரக்கைப் பில் இல்லாத வழிக்கே தள்ளும். கார்பைடு கழிவுக்கு 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும்.

கார்பைடு கழிவின் ஏற்றுமதியைத் தடை செய்யச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. இங்கே ஆலை வராமல் கதவை மட்டும் அடைத்தால் கழிவின் விலை விழும், நட்டம் சிறு பட்டறைக்கு. முதலில் ஆலை வரட்டும். நல்ல விலை கிடைத்தால் சரக்கு தானாக இங்கேயே நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களிடம் விட்டுக்கொடுத்தல் இல்லை. கோபால்ட் கலந்த கார்பைடு தூசி நுரையீரலைக் கெடுக்கும். டூல் தீட்டுபவருக்கு அது மெதுவாகத்தான் தெரியவரும். கொல்லைப்புறத்தில் அமிலத் தொட்டி வைத்துக் கோபால்ட் பிரிப்பதை மறுசுழற்சி என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி நின்றதையும் பார்த்த பகுதி இது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாடு முதல் நாளிலேயே இருந்தால்தான் எந்த ஆலைக்கும் எங்கள் ஆதரவு.

எங்கள் பங்குக்கு, உறுப்பினர் பட்டறை ஒவ்வொன்றிலும் இன்சர்ட்டுக்கு ஒன்று, எண்ட்மில், டிரில் போன்றவற்றுக்கு ஒன்று, தீட்டிய சேற்றுக்கு மூடியுள்ள ஒன்று என மூன்று டப்பாக்கள் வைப்போம். பிரேசிங் முனைகளைத் தண்டிலிருந்து பிரித்த பிறகே விற்போம். தீட்டும் இயந்திரத்துக்குத் தூசி உறிஞ்சி பொருத்தாத பட்டறைக்குச் சங்கத்தின் கூட்டு விற்பனையில் இடமில்லை. எவ்வளவு கார்பைடு சேர்ந்தது, என்ன விலைக்குப் போனது, யார் வாங்கினார்கள் என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவில் வைப்போம். மேலூர் மக்களும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.