சைக்கிள்தானே, குடிச்சா தப்பில்லையாம்!

நண்பர்கள் மூணு பேரோட ஒரு திட்டம். ஜெர்மனியில் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து, பின்னாடி நாலு சைக்கிளை மாட்டிக்கிட்டு, மோசல் ஆத்தங்கரையோரமா ட்ரியரில் இருந்து கோப்லென்ஸ் வரைக்கும். காரில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியற தூரம்தான். ஆறு வளைஞ்சு நெளிஞ்சு போறதால சைக்கிள் பாதை மட்டும் சுமார் 200 கி.மீ. இதுவரைக்கும் ஓகே.

அப்புறம்தான் நண்பர் அனுப்பின எக்செல் ஷீட்டைத் திறந்தேன். ஒரு நாளைக்கு ஆறு ஒயின் பண்ணை! கேட்டா, "கார் ஓட்டினாத்தானே தப்பு, சைக்கிள்தானே?"ன்னு விளக்கம் வேற.

ஐயா சாமிகளா, சைக்கிளும் வண்டிதான். ஜெர்மனியில் கார் ஓட்டுறவங்களுக்கு ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு ஆல்கஹால்தான் வரம்பு. சைக்கிளில் 1.6 ஆனாலே கிரிமினல் குற்றம். 'அப்ப 1.5 வரைக்கும் ஊத்தலாம்'னு கணக்குப் போடாதீங்க. தள்ளாடினாலோ விபத்து ஆனாலோ 0.3லேயே மாட்டலாம். பக்கத்து பிரான்சில் சைக்கிளுக்கும் கிட்டத்தட்ட அதே 0.5தான். சட்டத்தை விடுங்க, அதே பாதையில் சின்னப் பசங்களும் தாத்தா பாட்டிகளும் ஓட்டுறாங்களே, அவங்க என்ன பாவம் பண்ணினாங்க?

ப்ரெம் ஊரில் கால்மோன்ட்னு ஒரு திராட்சைச் சரிவு. சில இடங்களில் 60 டிகிரிக்கு மேல. பெரும்பாலும் கையாலதான் வேலை. அந்த உழைப்பை அரை மணிக்கு ஒரு பண்ணைன்னு மடக் மடக்னு முழுங்கிட்டு ஓடுறதா ரசனை?

என் கணக்கு இதுதான். பகலில் சைக்கிள். களைச்சா ரயில், கோப்லென்ஸ் - புல்லாய் இடையில் தண்டவாளம் பெரும்பாலும் ஆத்தை ஒட்டியே போகுது. சாயங்காலம் வண்டியை நிறுத்திட்டு, நடந்து போற தூரத்தில் ஒரே ஒரு பண்ணை. காலையில் மோட்டார்ஹோம் ஓட்டப்போறவருக்கு திராட்சை ஜூஸ்.

ஒத்து வரலைன்னா மூணு சைக்கிள் மட்டும் மாட்டுங்க. நான் வரலை.